பச்சை எண் தொண்ணூற்றிரண்டு

மனிதகுல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், எழுத்து ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக நிகழ்ந்துள்ள மாபெரும் சாதனையைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதில் பெருமை கொள்கிறோம்: இந்த ஆண்டு முதல் மாநிலத்தில் நெற்பயிர் மஞ்சளாகாது.

2049 ஐப்பசியில் வெளியான இந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர் ‘என்றும் பசுமை இயக்க’த்தின் இயக்குநர் முனைவர் கோ. விண்ணரசன். நகரத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கிராமத்தில் இருந்தவர்கள் அறிவிப்பை இன்னொரு தடவை வாசித்தார்கள். மஞ்சளாகி, தலை சாய்ந்து, பழுத்தால்தான் அது நெல். பழுக்காவிட்டால் அதற்குப் பெயர் புல். இந்தத் தகவல் இயக்குநருக்கும் தெரியும். வேளாண்மையில் மூன்று பட்டம் வாங்கியவர்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஆரோக்கிய டென்சிங் என்ற முதுகலை மாணவர், திருச்சிப் பக்கம் களர் மண்ணில் நெல் வளர்த்து ஓர் ஆய்வு செய்தார். களர் மண் என்பது மழை பெய்தால் களியாகவும் வெயில் அடித்தால் சிமென்டாகவும் மாறும் ஒரு பிறவி. காய்ந்தால் மேலே சோப்புத்தூள் கொட்டியது போல வெள்ளை பூக்கும். காரம் அதிகம், வேருக்குத் தேவையானது எதுவும் வேருக்குக் கிடைக்காது, நாற்று நட்ட மூன்றாம் வாரமே இலை வெளுக்கும். டென்சிங் அதற்கு மெக்னீசியம் சல்பேட் போட்டார். நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, அதேதான். இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கும் பொருளின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம். ஆகவே இலை பச்சையானது. ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடியது. எண்பத்துநான்கு பக்க ஆய்வேட்டின் கடைசி வரியில் டென்சிங் எழுதினார்: ‘ஜிப்சத்துடன் சேர்த்து, அளவாக, பயிரின் இளம் பருவத்தில் மட்டும், நீர் வடிந்த வயலில் இட்டால் ஓரளவு பயன் உண்டு.’

ஒரே வாக்கியத்தில் இத்தனை நிபந்தனைகளை அடுக்கியவர் உலகில் முன்னுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதே வகுப்பில் படித்த விண்ணரசன் நிபந்தனைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ‘மெக்னீசியம் போட்டால் பயிர் பச்சையாகும்’ என்ற மிச்சத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். டென்சிங் உதவி வேளாண் அலுவலராகி வெண்தரைப்பட்டிக்குப் போனார்.

அதற்குப் பல வருடங்கள் கழித்து விளைச்சலை வானத்திலிருந்து அளக்கும் முறை வந்தது. அதற்கு முன்பெல்லாம் அலுவலர்கள் வயலில் இறங்கி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை எடை போட்டார்கள். இதில் பேன்ட் சேறாகிற பிரச்சினை இருந்தது. செயற்கைக்கோளுக்குப் பேன்ட் கிடையாது. அது மேலே இருந்து பார்த்து ஒவ்வொரு வயலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு பச்சை எண் கொடுத்தது. ஊரின் சராசரி அறுபதைத் தாண்டினால் அந்த ஊர் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்கிறது என்று பொருள். அங்கே ரேஷன் அரிசி நிறுத்தப்படும். குடும்ப அட்டையில் ‘தன்னிறைவு’ என்ற சொல் தானாக வந்து உட்காரும்.

முதல் வருடம் தை மாதத்தில் மேலிடத்துக்கு வரைபடத்தைக் காட்டினார்கள். மாநிலம் முழுக்க மஞ்சள். ஆற்றுப்பாசனம், ஏரிப்பாசனம் என்று ஒரு தாலுகா பாக்கியில்லை. மேலிடம் அதிர்ந்துபோய், போன மாதம் பச்சையாக இருந்த நாடு ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது என்று கேட்டது. அந்த அறையில் நாற்பது விஞ்ஞானிகள் இருந்தார்கள். நாற்பது பேருக்கும் பதில் தெரியும். அது அறுவடைக் காலம், நெல் பழுத்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் மேலிடத்துக்கு ஒன்று தெரியவில்லை என்பதை மேலிடத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லும் வேலை அந்த நாற்பது பேரில் யாருடைய பணி விதிகளிலும் இல்லை. கடைசியில் விண்ணரசன் எழுந்து, அடுத்த ஆண்டு மஞ்சள் வராமல் ஆவன செய்கிறோம் என்றார்.

ஆவன செய்யப்பட்டது. டென்சிங்கின் பேதி உப்பைப் பொடியிலும் பொடியாக்கி, இலைக்குள் புகுந்து வெளியே வராதபடி ஒரு மருந்து செய்தார்கள். கதிர் வெளிவந்த பத்தாம் நாள் ‘தும்பி’ என்ற ட்ரோன்கள் வந்து, வயல்காரரைக் கேட்காமலேயே அதைத் தெளித்துவிட்டுப் போயின. இலை கடைசிவரை பச்சையாகவே நின்றது.

வெண்தரைப்பட்டி, வாய்க்காலின் கடைமடையில் அறுபது வீடுகள் உள்ள ஊர். அங்கே ஒன்றரை ஏக்கர் களர் நிலம் வைத்திருந்தவள் சத்தியகலா. நாற்பத்துமூன்று வயது. கணவன் குணாளன் செங்கல் சூளையில் முதுகை விட்டுவிட்டு வந்தவன். குனிய முடியாது, மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லை. இரண்டு பெண்கள். தை மாதம் ரேஷன் கடையில் அவள் விரலை வைத்ததும் இயந்திரம் வாழ்த்துச் சொன்னது. சர்க்கரை உண்டு, பாமாயில் உண்டு, அரிசி இல்லை. அடுத்த வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசையில் மயங்கி விழுந்தாள். பிள்ளையை நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்யவும் என்று ஆசிரியை நோட்டில் எழுதி அனுப்பினார்.

சத்தியகலா ஒரு கை கதிரை அறுத்து எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு டென்சிங், ‘என்றும் பசுமை’ என்ற காலண்டர்.

“சார், என் வயலுக்குத் தொண்ணூத்திரண்டு மார்க்கு போட்டிருக்காங்க. ஊருலயே நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

அவள் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, வாயருகே கொண்டுபோய் ஊதினாள். எல்லாம் பறந்துவிட்டது. வெறும் கையை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“பதர்,” என்றார் டென்சிங்.

“ஒண்ணேகால் ஏக்கரும் இப்படித்தான். மாட்டுக்கு வைக்கோலாவது ஆச்சேன்னு போட்டேன். மாடு மூணு நாளாக் கழியுது.”

அவர் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்: “நெல்லு பழுக்குதுன்னா என்னம்மா? இலை தன்கிட்ட இருக்கிறதையெல்லாம் கழட்டிக் கதிருக்குக் குடுத்துட்டு சாகுது. அந்த சாவுதான் மஞ்சள். நாம இலையைச் சாக விடல. அது எல்லாத்தையும் தானே வச்சுக்கிட்டு நிக்குது.”

“அது எங்களுக்குத் தெரியும் சார். மேல சுத்துறதுக்குத் தெரியலையே.”

“மேல சுத்துறதுக்கும் மனுஷன்தான் சொல்லிக் குடுத்தான்.” பிறகு, “நானும்தான்,” என்றார்.

அவளுக்கு அது புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. அவர் விளக்கியது வேறு ஒன்றை. தன்னிறைவு அடையவில்லை என்று ஊர் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். தன்னிறைவு மறுப்பு மனு என்று பெயர். மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்க்கும். இல்லை என்று நிரூபித்தால் அரிசி திரும்ப வரும். இதுவரை யாராவது நிரூபித்திருக்கிறார்களா என்று கேட்டாள். இதுவரை குழு எங்கேயும் போனதில்லை என்றார். ஊர் சார்பில் மனுவை அவரே எழுதிக் கொடுத்தார். அரசு ஊழியர் அரசுக்கு எதிராக எழுதிய அந்த மனுவில் எழுதியவர் பெயர் மட்டும் இல்லை.

சத்தியகலாவிடம் இன்னும் ஓர் இருபத்தைந்து சென்ட் பாக்கியிருந்தது. கடைமடைத் தண்ணீர் அங்கே ஒரு மாதம் பிந்தி வந்ததால் பிந்தி நட்டது. கதிர் இப்போதுதான் எட்டிப் பார்த்தது. ஊரில் மருந்து படாமல் நின்ற பயிர் அது ஒன்றுதான். இன்னும் ஒன்பது நாளில் தும்பி வரும்.

தும்பியைத் தடுப்பது குற்றம். கல்லால் அடித்த இரண்டு பேர் புழல் சிறையில் இருந்தார்கள். ஆனால் தும்பியே தானாக விலகிப் போகும் இடங்களும் இருந்தன. மருந்தின் வெள்ளோட்டத்தின்போது ஏதோ ஓர் ஊரில் சொந்த நிலத்துச் சமாதி மேல் மருந்து தெளித்து, அது பெரிய கலவரமாகி, மூன்று பேருந்துகள் எரிந்தன. அன்றிலிருந்து, கேமராவில் சமாதி தெரிந்தால் அந்தத் துண்டு நிலத்தை விட்டுவிடும்படி தும்பிகளுக்குக் கட்டளை. நெல்லுக்கு இல்லாத மரியாதை பிணத்துக்கு உண்டு. டென்சிங் இதை அவளிடம் யோசனையாகச் சொல்லவில்லை; சுற்றறிக்கை ஒன்றை வாசித்துக் காட்டுவது போல, அந்தப் பத்தியை இரண்டு தடவை வாசித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் குணாளன் யாருக்குச் சமாதி என்று கேட்டான்.

“யாருக்கோ. மேல இருந்து பேரா படிக்கப் போவுது?”

“சும்மா யாருக்கோ கட்டினா நல்லாவா இருக்கும். எனக்கே கட்டிடு. நாளைக்கு உதவும்.”

“உனக்குக் கட்டினா நீ அதுல போய்ப் படுத்துக்குவ. எந்திரிக்க மாட்ட.”

யாருக்கும் இல்லாத சமாதியாகவே கட்டினார்கள். மண்ணைக் குவித்து, மேலே சுண்ணாம்பு பூசி, தலைமாட்டில் ஒரு செங்கல் மாடம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். குணாளன் குனிய முடியாததால் நின்றபடியே மேற்பார்வை செய்து, கால்மாடு கோணல் என்று நான்கு தடவை சொன்னான். ஊர் முழுவதற்கும் விஷயம் தெரியும். ஊர் முழுவதும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் போகிற போக்கில் ஒரு விளக்கு ஏற்றி வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா இருக்கட்டுமே என்றாள். ஒரு வாரத்தில் அந்தச் சமாதிக்கு வேண்டுதல் வர ஆரம்பித்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்து, விசா கிடைத்தால் சேவல் அடிப்பதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே யாருமே இல்லை என்பது அவருடைய நம்பிக்கைக்கு இடைஞ்சலாக இல்லை. பெரும்பாலான அரசுத் திட்டங்களும் இப்படித்தான் நடக்கின்றன.

தும்பி வந்தது. ஒன்றேகால் ஏக்கர் பதரின் மேல் இன்னொரு தடவை தாராளமாகத் தெளித்தது. சமாதிக்கு முன்னால் வந்ததும் அப்படியே அந்தரத்தில் நின்று, மரியாதையாக விலகிச் சென்றது.

டென்சிங் எங்கிருந்தோ களரை முறிக்க நாலு மூட்டை ஜிப்சம் கொண்டுவந்து போட்டார். வயலில் தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டி வடித்தார்கள். மாசி நடுவில் ஒருநாள் காலை சத்தியகலா போய்ப் பார்த்தபோது இலை நுனி மஞ்சள் தட்டியிருந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பயிர் மஞ்சளானதைப் பார்த்து அந்த வருடம் மாநிலத்தில் சந்தோஷப்பட்டவள் அநேகமாக அவள் ஒருத்திதான்.

மூன்று மூட்டை நெல் வந்தது. வழக்கமாக அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுவார்கள். அவள் அதை உள் அறையில், பழைய துணி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினாள். நான்கு வாய்க்கு, இரவு மட்டும் சோறு, கஞ்சித் தண்ணீரையும் வீணாக்காமல் இருந்தால் ஆறு மாதம் ஓட்டிவிடலாம். பகலுக்கு மரவள்ளிக் கிழங்கு. கடைகளில் அரிசி இல்லை. மாநிலமே தன்னிறைவு அடைந்துவிட்டதால் வெளி மாநிலத்திலிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் சோறு வடித்தபோது சின்னவள் தட்டைச் சுத்தமாக வழித்துவிட்டு, நாளைக்கும் உண்டா என்று கேட்டாள். உண்டு என்று சொல்ல முடிந்ததே சத்தியகலாவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பங்குனியில், யாரும் எதிர்பாராத வகையில், குழு வந்தேவிட்டது.

வந்தவர்கள் மூவர். முனைவர் விண்ணரசன், புள்ளியியல் துறையிலிருந்து மங்கையர்க்கரசி என்ற துணை இயக்குநர், எல்லாவற்றையும் படம் எடுக்க ஒருவர். பஞ்சாயத்துத் தலைவர் வீரப்பெருமாள் முதல் நாளே ஊரைக் கூட்டி, யார் என்ன பேச வேண்டும், யார் எதுவும் பேசக் கூடாது என்று பிரித்துக் கொடுத்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. குழுவை வயலுக்கு அழைத்துப் போனார்கள். பச்சைப் பசேலென்று நின்ற பயிரை அவர்கள் கண்ணெதிரே அறுத்து, அடித்து, முறத்தில் அள்ளித் தூற்றினார்கள். தூசும் சுணையும் பறந்து இயக்குநரின் சட்டையில் ஒட்டின. முறத்தில் ஒன்றும் நிற்கவில்லை. ஆறு வயலில் ஆறு தடவை இதே கதை. மங்கையர்க்கரசி ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துவிட்டுக் கையிலிருந்த மின்பலகையில் குறித்துக்கொண்டார். அவர் நேர்மையானவர். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார், பார்த்ததை எழுதாமல் விடமாட்டார் என்று டென்சிங் கேள்விப்பட்டிருந்தார். நாலாவது வயலில் அந்த அம்மாள் தனக்குத்தானே “அடப்பாவமே” என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. பல வருடங்களில் முதல் தடவையாக டென்சிங்குக்கு நம்பிக்கை வந்தது. வந்திருக்கக் கூடாது.

மணி பன்னிரண்டரை ஆனது. ஊருக்கு வந்த மூன்று அதிகாரிகளைச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா அனுப்புவது என்ற எண்ணம் வெண்தரைப்பட்டியில் ஒருவர் மனதிலும் தோன்றவில்லை. பசியை விசாரிக்க வந்தவர்கள் என்பதற்காக அவர்களைப் பசியோடு அனுப்ப முடியுமா. வீரப்பெருமாள் காலையிலேயே சத்தியகலா வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். மரவள்ளிக் கிழங்கை வைத்து ஊர் மானத்தை வாங்கவா என்று கேட்டார். மூன்று பேருக்கும் டிரைவருக்கும், ஒரு மரக்கால் அரிசி போதும் என்றார். சித்தப்பா முறை. அவள் முதலில் முடியாது என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு மரக்கால் அளந்து கொண்டுவந்து கொடுத்தாள். அளக்கும்போது தலை தட்டித்தான் அளந்தாள்.

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நான்கு இலை போட்டார்கள். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம். சோற்றின் வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. பத்து வாரமாக அந்தத் தெருவில் பகலில் இல்லாத வாசனை அது. கூப்பிடாமலேயே ஊர் வந்து வாசலில் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. சும்மா நின்றார்கள்.

இலைக்கு முன்னால் உட்காரப் போன விண்ணரசன் அவர்களைப் பார்த்தார். பிறகு படம் எடுப்பவரைப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, மக்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் சாப்பிடுவதா, அது என் கொள்கைக்கு விரோதம், ஊரோடு சமமாக ஒரே பந்தியில் உட்கார்ந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்றார். நல்ல கணீர்க் குரல். அவர் இதை ஒவ்வொரு ஊரிலும் சொல்வதற்காகவே வைத்திருந்தார். இதுவரை ஊர்களுக்குத்தான் போகவில்லை.

வீரப்பெருமாள் சத்தியகலாவைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்த உள் அறை தெரியும். அதற்குள் யாரோ வாழை இலைக் கட்டை அவிழ்த்து, சுவரோரமாக வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

டென்சிங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

“ஏம்மா, இல்லைன்னு சொல்லிடு. நெல்லு இல்லை, சோறு இல்லைன்னு ஒரு வார்த்தை. அந்தம்மா அதைத்தான் எழுதிக்க வந்திருக்காங்க. அதுதான் நமக்கு வேணும்.”

“தெரியுது சார்.”

“அப்புறம் என்ன?”

அவள் கூடத்தைப் பார்த்தாள். இலை முன்னால் எதிர்வீட்டு அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் பக்கத்தில் அவள் பேத்தி. அந்தப் பக்கம் ஆறேழு பேர் உட்கார்ந்து, இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இலை போட்டாச்சு சார்,” என்றாள் சத்தியகலா.

இரண்டு மூட்டை நெல்லைத் தலைவர் வீட்டுச் சின்ன மில்லில் அரைத்தார்கள். மூன்று அடுப்பு மூட்டினார்கள். பந்தி இரண்டரை மணிக்குத் தொடங்கி நாலு மணி வரை நடந்தது. ஊரே சாப்பிட்டது. சிலர் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார்கள். குணாளன் நின்றுகொண்டே சாப்பிட்டான். சத்தியகலா பரிமாறினாள், யார் இலையிலும் அவள் கை குறுகவில்லை. அவளுடைய பெண்கள் இருவரும் இயக்குநருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கினார்கள். இயக்குநரும் மூன்று தடவை வாங்கினார். உண்மையிலேயே நல்ல சோறு என்றும், இது எங்கே விளைந்தது என்றும் கேட்டார். வாயடக்கச் சொல்லியிருந்த பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒருவர், “நம்ம ஊரு நெல்லுதாங்க,” என்று பெருமையாகச் சொன்னார்.

கை கழுவிவிட்டு வந்த மங்கையர்க்கரசி பலகையை எடுத்து மீதிக் கேள்விகளை நிரப்ப உட்கார்ந்தார். பதினாறு வரை ஊருக்குச் சாதகமாகவே இருந்தது. பதினேழாவது கேள்வி: கள ஆய்வின்போது கிராமத்தில் சமைத்த சோறு காணப்பட்டதா?

டென்சிங் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அது விருந்தாளிகளுக்காகச் சமைத்தது, ஒரு வீட்டின் ஆறு மாதச் சாப்பாடு, ஊரில் வேறு எங்கும் ஒரு மணி அரிசி கிடையாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

“புரியுது சார். ஆனா நான் சாப்பிட்டேனே. இல்லைன்னு எப்படிப் போடறது?”

எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அடுத்த கட்டம் கேட்டது. படம் எடுத்தவரிடம் எண்ணி வாங்கி, இருநூற்றுப் பதினான்கு என்று போட்டார். பலகை ஒரு சிறு ஒலி எழுப்பி மனுவைத் தள்ளுபடி செய்தது.

விண்ணரசன் வேப்ப மரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். டென்சிங் அவரிடம் போனார். வகுப்புத் தோழர்கள் இருபத்தைந்து வருடத்தில் தனியாக நின்று பேசுவது அதுதான் முதல் தடவை.

“விண்ணு, அது மருந்து படாத நெல்லு. சமாதி கட்டி மறைச்சு வளர்த்தது. கட்டச் சொன்னது நான்தான். என்மேல நடவடிக்கை எடு. ஆனா இதை எழுது. மருந்து படாத இருபத்தஞ்சு சென்ட்ல நெல்லு, மருந்து பட்ட மிச்ச ஊர்ல பதர். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?”

“தெரியும்டா.”

“என்ன தெரியும்?”

“மாசி மாசம் வரைபடத்துல மஞ்சளா ஒரு புள்ளி. மாநிலத்துக்கே ஒரு புள்ளி. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. கேட்டவங்ககிட்ட சமாதின்னு சொன்னேன், விட்டுட்டாங்க. உன் தீசிஸை நான் படிக்கலன்னா நினைச்ச? கடைசி வரி உட்பட மனப்பாடம்.”

டென்சிங் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்ப ஏன் மருந்து அடிக்கிறீங்க?”

விண்ணரசன் குச்சியைக் கீழே போட்டார். குரலில் மேடையெல்லாம் போய்விட்டிருந்தது.

“நீ சொல்ற மாதிரியே எழுதறேன்னு வை. இந்த ஊருக்கு அரிசி குடுக்கணும். அடுத்த ஊரும் கேக்கும். எல்லா ஊரும் கேக்கும். கிடங்குல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? பாதி மாநிலத்து மண்ணு இப்ப களர்தான்டா. மருந்தை நிறுத்தினாலும் அடுத்த வருஷமே நெல்லு வந்துடாது. அரிசி இருந்தா பச்சை எண் எதுக்கு? இல்லைன்னு சொல்ல முடியாம, உங்ககிட்டயே இருக்குன்னு சொல்றோம்.”

“சாகிறாங்க விண்ணு.”

“ஆமா,” என்றார் விண்ணரசன். “சோறு நல்லா இருந்துச்சு. அந்தம்மாகிட்ட சொல்லு.”

அவரே சொன்னார். ஊரைக் கூட்டி, மாலைச் சூரியன் முகத்தில் சரியான கோணத்தில் விழும் இடமாகப் பார்த்து நின்று, குரலை மறுபடி மாட்டிக்கொண்டார். களரை வென்ற வெண்தரைப்பட்டி மாநிலத்தின் முதல் முன்மாதிரித் தன்னிறைவுக் கிராமமாக அறிவிக்கப்படுகிறது என்றார். இனி இந்த ஊரில் ரேஷன் கடை தேவையில்லை என்பதால் அந்தக் கட்டடம் பசுமை அருங்காட்சியகம் ஆகும் என்றார். உப்புப் பூத்த மண்ணில் முத்து விளைவித்த வீரத் தாய் என்று சத்தியகலாவை முன்னால் அழைத்துச் சால்வை போர்த்தினார். அவள் வீட்டில் எஞ்சியிருந்த அரை மூட்டை நெல் இனி ஒரு வீட்டின் சொத்தல்ல, நாட்டின் சொத்து. அது மாதிரி விதையாகத் தலைநகரில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும் என்றார். டிரைவரும் படம் எடுப்பவரும் போய் அதைத் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். வருங்காலத் தலைமுறைகள் இந்த நெல்லைப் பார்த்து இப்படி ஒரு பொற்காலம் இருந்தது என்று தெரிந்துகொள்ளும் என்று சொல்லி முடித்தார். வயிறு நிறைந்திருந்ததால் ஊர் நன்றாகவே கைதட்டியது.

சத்தியகலா வீட்டில் அரிசி இல்லை.